கல்லறையில் பெயரில்லாத நம்மவர்கள்

(யூபிலி ஆயத்த முத்தினத்தின் இரண்டாம் நாள் மாலை, திருப்பலிக்குப் பின் ஆலய வளாகத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்ற சொல் சில மாதங்களாக நம் பங்கில் எல்லார் வாயிலும் இருக்கிறது. வசூல் ரசீதில் யூபிலி, தோரணத்தில் யூபிலி, கொடிமரத்துப் புது வர்ணத்திலும் யூபிலி. ஆனால் அச்சொல் பிறந்த இடத்தில் அதற்குத் தோரணமும் வாணவேடிக்கையும் பொருள் அல்ல. பழைய ஏற்பாட்டு மக்களுக்கு யூபிலி ஆண்டு என்பது எக்காளம் ஊதி விடுதலை அறிவிக்கும் ஆண்டு. கடனுக்காக அடிமைப்பட்டவன் விடுபட வேண்டும். கைமாறிய நிலம் உரியவனிடம் சேர வேண்டும். ஒவ்வொருவனும் தன் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் இதைக் காணலாம். நாசரேத்தூர் செபக்கூடத்தில் நம் ஆண்டவர் ஏட்டுச்சுருளை விரித்துத் தம் பணியை அறிவித்தபோதும் சிறைப்பட்டோரின் விடுதலையை மறக்கவில்லை. ஆகவே, யூபிலி கொண்டாடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நம்மில் யார் இன்னும் வீடு திரும்பவில்லை?

அப்படித் திரும்பாமற்போன ஒரு பெருங்கூட்டத்தைப் பற்றி இந்த மாலையில் பேச விரும்புகிறோம். அவர்கள் அந்நியர் அல்லர். நம் பாஷை பேசியவர்கள். அவர்களில் பலர் நம் வட ஆர்க்காட்டு மண்ணிலிருந்தே கப்பல் ஏறியவர்கள். இரண்டாம் உலகப் போரில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் போட்ட ரயில் பாதையில் அகப்பட்ட மலேயாத் தமிழர்கள் அவர்கள். அந்தப் பாதைக்கு உலகம் இட்ட பெயர் 'மரண ரயில்' என்பது.

கடல் கடந்த வட ஆர்க்காட்டார்

இன்று நம் ஊரைக் குடியாத்தம் என்றால் கைத்தறி லுங்கி, தீப்பெட்டி, பீடி என்பார்கள். பக்கத்தில் பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்றால் தோல். ஆனால் 100 ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்து ஏழை நிலமற்ற குடும்பங்களுக்கு இந்தத் தொழில்கள் எல்லாருக்கும் போதுமானவையாக இல்லை. மழை பொய்த்தால் பாலாறும் கவுண்டன்ய நதியும் மணலாகும், கடன் வட்டியாகும், வட்டி அடிமைத்தனமாகும். அந்த நேரத்தில்தான் கங்காணி வருவான். அவன் வேற்று மனிதன் அல்ல. அதே ஊரான், அதே சனம். மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை, கப்பல் செலவு தோட்டத்தாருடையது, கையில் கொஞ்சம் முன்பணம் என்று சொல்லி அழைத்துப் போவான். திருச்சி, தஞ்சை, சேலம், தென்னார்க்காடு, வட ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய ஜில்லாக்களே இதற்கு முக்கியமான ஆள்பிடி இடங்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த கூலி டிப்போக்களில் தங்கி, கப்பல் ஏறி, பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் நோய்க்காப்பு முகாமில் நாட்களைக் கழித்துப் பிறகு தோட்டத்து லயன் வீடுகளில் குடியேறுவார்கள். இந்திய அரசு 1938-இல் இந்தக் கூலி ஏற்றுமதியைத் தடை செய்தது. அதற்குள் லட்சக்கணக்கானோர் அங்கே வேர் விட்டிருந்தார்கள்.

அவர்கள் தம் விசுவாசத்தையும் எடுத்துச் சென்றார்கள் என்பது நமக்கு ஆறுதலான செய்தி. சிங்கப்பூரில் 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. பினாங்குக்கு எதிர்க்கரையில் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னம்மாள் திருநாளுக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர் திரண்டு போவது வழக்கமாயிற்று. மற்றச் சமயத்தாரும் தங்கள் மாரியம்மனையும் முருகனையும் அங்கே குடியேற்றினார்கள். மரணம் வந்தபோது அது சமயம் பார்த்து வரவில்லை.

போரும் பாதையும்

ஜப்பானியர் 1941 டிசம்பர் 8-ஆம் நாள் மலேயாவின் கோத்தா பாருவில் கரையிறங்கினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. இந்தியக் கடல் வழி அடைபட்டது. ஊருக்கு வரவேண்டிய கடிதம் நின்றது, மணியார்டர் நின்றது. ரப்பரை வாங்குவார் இல்லை, தோட்டத்தில் கூலி இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கே சோறாயிற்று. பசியால் வாடிய சனத்திடம்தான் அடுத்த ஆள்பிடி தொடங்கியது.

பர்மாவிலிருந்த தம் படைகளுக்கு ஜப்பானியர் கடல் வழியே சாமான் அனுப்பி வந்தனர். 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் தோற்ற பிறகு அந்த வழி ஆபத்தாயிற்று. ஆகவே சயாமின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை 415 கிலோமீட்டருக்குக் காட்டையும் மலையையும் அறுத்து ஒரு ரயில் பாதை போடத் துணிந்தார்கள். நாம் குடியாத்தத்தில் ரயிலேறிச் சென்னைக்குப் போய்த் திரும்பி வந்தாலும் அந்தத் தூரம் தீராது. ஆண்டுக்கணக்கில் ஆக வேண்டிய அந்த வேலையை 16 மாதங்களில் முடித்தார்கள். 1943 அக்டோபர் 17-இல் இரு முனைகளும் சயாம் எல்லைக்குள் கொன்கோய்தா என்னுமிடத்தின் அருகே சந்தித்தன. எந்திரங்கள் மிகக் குறைவு. மண்வெட்டி, கடப்பாரை, கூடை, யானை, மனிதன்: இவற்றைக் கொண்டே முடித்தார்கள்.

மனிதர்கள் இரண்டு வகையினர். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர் ஆகிய போர்க்கைதிகள் 60,000-க்குச் சற்று மேல். அவர்களில் 12,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதாவது 5 பேருக்கு ஒருவர். மற்றவர்கள் ஆசியத் தொழிலாளர்: பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர். இவர்கள் 2 லட்சம் பேர் இருக்கலாம், அதற்கு மேலும் இருக்கலாம். இவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலேயாவிலிருந்து மட்டும் 75,000-க்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர்; அவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவர்களில் செத்தவர்கள் 30,000 என்கிறது ஒரு கணக்கு, 40,000-க்கும் மேல் என்கிறது இன்னொன்று. இரண்டு கணக்குக்கும் இடையில் 10,000 பேருக்கு மேல் விழுந்து கிடக்கிறார்கள். அவர்கள் இறந்தார்களா, இருந்தார்களா என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அன்புமிக்கவர்களே, இந்த உரை முழுவதிலும் நீங்கள் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்தால் போதுமென்றால், இதை வையுங்கள்.

கொண்டுபோன விதம்

முதலில் இனிக்கப் பேசினார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, சாப்பாடு இலவசம். பட்டினி கிடந்த குடும்பத்தில் அண்ணன் புறப்பட்டான், தம்பியும் உடன் போனான். மூன்று மாதம் கழிந்தும் யாரும் திரும்பவில்லை; சேதி மட்டும் கசிந்து வந்தது. பிறகு யாரும் வரவில்லையென்று, ஒவ்வொரு தோட்டமும் இத்தனை ஆள் தர வேண்டுமென்று விதித்தார்கள். லாரி வந்து நின்றது. கிராணி பட்டியல் வாசித்தான். ஊர்களில் இலவச சினிமா காட்டுவதாகக் கூட்டிக் கதவை அடைத்து ஆள் பிடித்தார்கள் என்றும் உயிர் தப்பியவர்கள் சொன்னதுண்டு. ஆண்கள் மட்டுமல்ல, சில இடங்களில் பெண்டு பிள்ளைகளும் சேர்ந்தே போனார்கள்.

இரும்புக் கூட்ஸ் வண்டியில் ஒரு பெட்டிக்கு 30 பேர் போல் அடைத்து, நாலைந்து நாள் பயணம். பகலில் இரும்பு காய்ந்து அடுப்பாகும். பான் போங்கில் இறக்கிவிட்டு, அங்கிருந்து காட்டு வழியே நடை. மேல் முகாம்களுக்கு 200, 300 கிலோமீட்டர் நடந்தே போக வேண்டும். நடக்க மாட்டாதவன் வழியில் விழுந்தான். விழுந்தவனை யார் எண்ணினார்கள்?

முகாம் என்பது மூங்கில் தட்டியும் கீற்றும். பல இடங்களில் கூரையே முழுமையாக இல்லை. உணவு அரிசியும் கொஞ்சம் கருவாடும், பூசணி கிடைத்தால் பூசணியும். 1943-இல் பருவமழை கடுமையாகப் பிடித்தது. அதே காலத்தில்தான் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று ஜப்பானியப் பொறியாளர்கள் அடித்து வேலை வாங்கினார்கள். மூங்கில் முள் கீறினால் அந்தக் கீறல் சில நாட்களில் எலும்பு தெரியும் புண்ணாகும். மலேரியா, சீதபேதி, பெரிபெரி. இவையெல்லாம் போதாதென்று அந்த மழையோடு காலரா வந்தது. மலத்தால் கெட்ட ஓடைத் தண்ணீரைக் குடித்தவன் காலையில் வேலைக்குப் போய் மாலையில் பிணமானான். சில முகாம்களில் புதைக்கவும் ஆளில்லை. எரித்தார்கள், அல்லது பெருங்குழியில் தள்ளினார்கள். இன்னும் மூச்சிருந்தவர்களையும் குழிக்குக் கொண்டுபோனதாகப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் இந்தப் புனிதமான இடத்தில் நாம் விவரிக்கத் தேவையில்லை.

பிழைத்தவன் எப்படிப் பிழைத்தான்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஒரே காடு, ஒரே மழை, ஒரே ஓடை, ஒரே அடி. போர்க்கைதியில் ஐவரில் ஒருவன் செத்தான். நம் தமிழன் ஐவரில் இருவராகவோ அதற்கு மேலாகவோ செத்தான். ஏன்? வெள்ளைக்காரன் உடல் வலுவானது என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியன்று. வெயிலும் மழையும் மலேரியாவும் பழகியவன் நம்மவன்தான். கைதிகளிலும் வடகோடி முகாம்களுக்கு நடத்திப் போகப்பட்ட 7,000 பேர் கொண்ட ஒரு படைப்பிரிவில் 3,000-க்கு மேல் மாண்டார்கள். ஆகவே உடல் வலு அல்ல காரணம்.

கைதிகள் ஒரு அமைப்பாக வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர்கள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள், படைக்குருக்கள் இருந்தார்கள். முகாம் போட்டதும் மலக்குழி தோண்ட வேண்டும், கொதிக்காத தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது, சாப்பிடும் தட்டைக் கொதிநீரில் முக்கி எடுத்தே சோறு வாங்க வேண்டும் என்று கட்டளையிட ஒருவரும், கீழ்ப்படியப் பலரும் இருந்தார்கள். மருந்து இல்லாதபோது மருத்துவர்கள் கல்லுப்பையும் காய்ச்சி வடித்த நீரையும் கொண்டு உப்பு நீர் தயாரித்து, மூங்கிலைக் குழாயாக்கிக் காலரா நோயாளியின் நரம்பில் ஏற்றினார்கள். வேலைக்குப் போனவன் சம்பளக் காசில் ஒரு பங்கைப் படுத்திருப்பவனுக்கு முட்டை வாங்கக் கொடுத்தான். காய்ச்சலில் கிடந்தவன் முகத்தைத் துடைக்க ஒரு தோழன் இருந்தான். செத்தவனுக்கு ஒரு சிலுவையும், ரகசியமாக எழுதிப் புட்டியில் அடைத்துப் புதைத்து வைத்த ஒரு பெயர்ப் பட்டியலும் இருந்தன.

நம்மவர்களுக்கு இவை எதுவும் இல்லை. வெவ்வேறு தோட்டத்திலிருந்து பிடித்து வந்து கலைத்துப் போட்டார்கள். கங்காணி இருந்தான், அவன் வேலை வாங்கத்தான் இருந்தான். தண்ணீரைக் காய்ச்சு என்று சொல்ல ஆளில்லை, காய்ச்சப் பாத்திரமும் இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவன் பெயர் தெரியாது. திரளைக் கண்டு நம் ஆண்டவர் மனமிரங்கினாரே, மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போல் இருக்கிறார்களே என்று. அந்தச் சொல்லுக்கு இதைவிடக் கொடிய விளக்கம் வேண்டுமா?

1943 ஜூனிலும் ஆகஸ்டிலும், போர்க்கைதிகளிலிருந்தே மருத்துவரும் உதவியாளருமாக இரண்டு குழுக்களை ஜப்பானியர் இந்தக் கூலி முகாம்களுக்கு அனுப்பினார்கள். தாமே கைதிகளாயிருந்த அவர்கள் கையில் மருந்து அதிகமில்லை. ஆனாலும் தண்ணீரைக் காய்ச்சினார்கள், புண்ணைக் கழுவினார்கள், செத்தவனை மூடினார்கள். அவர்களில் சிலர் நம்மவர்களோடு நம்மவர்களாய் அங்கேயே நோய் கண்டு இறந்தார்கள். அவர்களுக்கும் நாம் நன்றிக்கடன் பட்டவர்கள்.

இவ்வளவுக்கும் நடுவே பிழைத்தவர்களும் உண்டு. எப்படிப் பிழைத்தார்கள்? காட்டுக் கீரையும் மூங்கில் குருத்தும் எது தின்னலாம் என்று அறிந்தவன் பிழைத்தான். நம் கிராமத்தில் மாடு மேய்த்த அறிவு அங்கே மருந்தாயிற்று. வெந்நீரில் உப்பிட்டு நாளும் புண்ணைக் கழுவிக்கொண்டவன் காலை இழக்காமல் பிழைத்தான். அண்ணனும் தம்பியுமாக, மாமனும் மருமகனுமாகச் சேர்ந்து போய் ஒருவர் காய்ச்சலில் மற்றவர் சோறு வாங்கி வைத்த இடத்தில் இருவரும் பிழைத்ததுண்டு. ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் தப்பி ஓடினார்கள். ஓடியவர்களில் பலர் காட்டிலேயே மாண்டாலும், சிலரைச் சயாம் கிராமத்தார் மறைத்து வைத்துச் சோறு போட்டார்கள். சிலர் அங்கேயே மணமுடித்துத் தங்கிவிட்டார்கள். வேறு சிலர் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து ரயில் பாதைக்குப் போவதிலிருந்து தப்பினார்கள். எந்தக் கதையை எடுத்தாலும், பிழைத்தவனுக்குப் பின்னால் இன்னொரு மனிதன் நிற்கிறான். தனியாளாய்ப் பிழைத்தவன் அரிது. மனோதிடம் என்பது ஒருவன் நெஞ்சுக்குள் மட்டும் இருப்பதன்று. பக்கத்திலிருப்பவன் கொண்டுவந்து கொடுக்கும் கொதித்த தண்ணீரிலும் அது இருக்கிறது.

போர் 1945 ஆகஸ்டில் முடிந்தது. கைதிகளை விமானத்திலும் கப்பலிலும் முதலில் ஏற்றினார்கள். தமிழர்கள் காத்திருந்தார்கள். எலும்பும் தோலுமாய் அவர்கள் தோட்டம் திரும்பியபோது சிலரின் மனைவியர் தாலியறுத்து, துக்கம் காத்து முடித்திருந்தார்கள். பெரும்பாலான வீடுகளில் திரும்பவே இல்லை. பல தோட்டங்களில் விதவைகளும் அநாதைப் பிள்ளைகளுமே மிஞ்சினார்கள். அந்த விதவைகள் விடியலுமுன் பால் மரம் வெட்டப் போய், அந்தப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள். மரண ரயிலின் கதையில் பிழைத்தவர்கள் என்று நாம் எண்ணும்போது அந்தத் தாய்மாரையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பெயர் என்னும் கல்லறை

போர் முடிந்த அடுத்த மாதமே, 1945 செப்டம்பரில், 13 பேர் கொண்ட ஒரு குழு அந்தப் பாதை நெடுகக் கல்லறை தேடிப் புறப்பட்டது. அதில் ஒரு படைக்குருவும் இருந்தார். மறைத்து வைத்த பட்டியல்களைக் கொண்டு 144 இடங்களில் 10,000-க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டார்கள். இன்று காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள், சுங்காயிலும் தன்பியுசயாட்டிலும் இன்னும் பல ஆயிரம், ஒவ்வொன்றிலும் வெண்கலத் தகடு. பெயர், வயது, வீட்டார் எழுதிய ஒரு வரி. பேரப்பிள்ளைகள் கடல் கடந்து வந்து மலர் வைக்கிறார்கள்.

நம்மவருக்கு? அந்தப் பாதை நெடுக, பெயர் பொறித்த ஒரு தமிழ்த் தொழிலாளியின் கல்லறையைத் தேடிப் பாருங்கள். 1944-இல் ஜப்பானியரே காஞ்சனபுரியில் இறந்தவர்களுக்காக ஒரு நினைவுத்தூண் எழுப்பினார்கள்; அதில் பல மொழிகளோடு தமிழும் பொறிக்கப்பட்டது, ஒரு பெயரும் பொறிக்கப்படவில்லை. 1957-இல் அந்தப் பாதையைப் பற்றிப் புகழ்பெற்ற ஓர் ஆங்கிலப் படம் வந்தது. அதை இலங்கையின் கித்துல்கலையில் எடுத்தார்கள். கதையில் தமிழன் இல்லை. 1990-இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாய் வெளிப்பட்டன. 2023-இல்தான், தமிழர் அமைப்புகளின் முயற்சியாலும் தமிழ்நாடு அரசின் உதவியாலும், அங்கே தமிழ்த் தொழிலாளர் நினைவாக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. 80 ஆண்டு கழிந்தது.

கொடியவன் மனிதனைச் சிறைப்பிடிக்கும்போது முதலில் பறிப்பது பெயரைத்தான். அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் அருட்தந்தை மாக்சிமிலியன் கோல்பேக்கு 16670 என்று எண்ணிட்டார்கள். 1941 ஜூலை இறுதியில் ஒரு கைதி தப்பியதற்காகப் பத்துப் பேரைப் பட்டினிச் சாவுக்குத் தெரிந்தெடுத்தபோது, அவர்களில் ஒருவர் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். வரிசையை விட்டு வெளியே வந்த கோல்பே, அவருக்குப் பதிலாய்த் தாம் சாவதாகக் கேட்டார். நீ யார் என்றதற்கு எண்ணைச் சொல்லவில்லை. தாம் ஒரு கத்தோலிக்கக் குரு என்றார். ஆகஸ்ட் 14-இல் கொல்லப்பட்டார். காப்பாற்றப்பட்ட கயோவ்னிச்செக் 1995 வரை வாழ்ந்தார். 1982-இல் கோல்பே புனிதராக உயர்த்தப்பட்டபோது உரோமையில் கூடவே நின்றார்.

நம் காலத்திலும் ஒன்று சொல்வோம். நம் வேலூர் மறைமாவட்டத்துக்கு மிகவும் அறிமுகமான சலேசிய சபையைச் சேர்ந்த, கேரளத்து அருட்தந்தை டாம் உழுன்னாலில், ஏமன் நாட்டுப் போரின் நடுவே ஏடனில் பணி செய்தார். 2016 மார்ச் 4-இல் அன்னை தெரேசா சகோதரிகளின் முதியோர் இல்லத்தில் புகுந்தவர்கள் நான்கு சகோதரிகள் உட்பட 16 பேரைக் கொன்று, அவரைத் தூக்கிச் சென்றார்கள். 557 நாட்கள். அப்பமும் இரசமும் இல்லாமல், நினைவிலிருந்த செபங்களைச் சொல்லி அவர் மனத்தளவில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். அந்நாட்களில் இந்தியாவெங்கும் எத்தனை பீடங்களில் அவர் பெயர் சொல்லிச் செபித்தார்கள்! 2017 செப்டம்பர் 12-இல் ஓமன் அரசின் உதவியால் விடுதலையானார். அந்த ஒரு பெயரை ஆயிரம் வாய்கள் விடாமல் சொன்னது போல, சயாம் காட்டில் கிடந்த ஒரு தமிழனின் பெயரைச் சொல்ல அன்று யாராவது இருந்தார்களா?

இந்தப் பங்கு என்ன செய்யலாம்?

பங்கு என்றால் என்ன? கட்டடமா? கோபுரமா? நாம் சொல்கிறோம்: பங்கு என்பது ஒரு பெயர்ப் பதிவேடு. பிறந்த குழந்தையைத் தூக்கி வந்ததும் திருச்சபை கேட்கும் முதல் கேள்வி, இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்பது. கூலிக்காரன் பிள்ளைக்கும் தோல் கிடங்கு முதலாளி பிள்ளைக்கும் அந்த ஏட்டில் ஒரே அளவு வரிதான். இறந்தாலும் இன்னொரு ஏட்டில் பெயர் ஏறுகிறது. சயாம் காட்டில் நம்மவருக்கு இல்லாமற்போனது இதுதான். ஆகவே இந்த யூபிலிக்கு மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, வீடு சந்திப்புக்கு வரும்போது ஒன்றிரண்டு வீடுகளில் 'மலேயா போன பெரியப்பா', 'பினாங்கில் காணாமற்போன தாத்தா' என்று பேச்சு வந்ததுண்டு. அந்தப் பெயர்களை எங்களிடம் கொண்டு வாருங்கள். பங்குமனையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். பெயர், ஊர், எந்த ஆண்டு போனார், கடைசிக் கடிதம் எப்போது வந்தது. தெரிந்த மட்டும் போதும். கிறிஸ்தவரா இந்துவா முஸ்லிமா என்று கேட்க மாட்டோம். நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாள் திருப்பலியில், அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசிப்போம். பெயர் தெரியாதவர்களுக்காகச் சற்று நேரம் மௌனமாய் நிற்போம்.

இரண்டாவது, இன்றும் கங்காணி சாகவில்லை, சட்டை மாற்றியிருக்கிறான். நம் வட்டாரத்தில் பீடி முன்பணத்துக்குப் பிள்ளைகளை வேலைக்கு ஒப்படைத்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. வந்த பிறகும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்களை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். நம் இளைஞர் வளைகுடாவுக்குப் போகிறார்கள்; போன இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் அவன் கைதிதான். போகுமுன் அந்த ஏஜெண்டு பதிவு பெற்றவரா என்று சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பாஸ்போர்ட், விசா நகல் ஒன்றை வீட்டில் வையுங்கள்; வேலை கொடுப்பவர் பெயரும் விலாசமும் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை பேசுங்கள். பேச்சு நின்றால் காத்திராமல் எங்களிடம் வாருங்கள். வின்சென்ட் தே பவுல் சபையாரையும் இளைஞர் இயக்கத்தாரையும் இதற்கெனக் கேட்டிருக்கிறோம்.

மூன்றாவது, வேறு மாநிலத்திலிருந்து இந்தத் தோல் பட்டறைகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்து, ஞாயிறு திருப்பலியில் கடைசித் தூணருகே நின்று போகிறவர்கள் இருக்கிறார்கள். 100 ஆண்டுக்கு முன் மலேயாவில் நம் பாட்டனார் நின்ற இடம் அதுதான். திருப்பலி முடிந்ததும் அவர்களிடம் போய்ப் பெயரைக் கேளுங்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் பெயர் எல்லா பாஷையிலும் ஒன்றுதான்.

அன்பார்ந்தவர்களே, நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறார் என்று நம் ஆண்டவரே தம்மைப் பற்றிச் சொன்னார். மனிதர் எழுதாமல் விட்ட அந்தப் பெயர்களெல்லாம் அவருடைய உள்ளங்கையில் இருக்கின்றன என்பது நம் விசுவாசம். ஆனால் அவருக்குத் தெரியும் என்று சொல்லி நாம் மறந்திருக்க அந்த விசுவாசம் இடங்கொடாது. யூபிலி எக்காளம் முதலில் அவர்கள் காதில் விழட்டும்.

மேலான தந்தையே, சயாம் காட்டில் மாண்ட எம்மவர்க்கும், அவர்களுக்கு வெந்நீர் கொடுத்தவர்க்கும், அவர்களை மறைத்துக் காத்தவர்க்கும், அவர்கள் பிள்ளைகளை வளர்த்த தாய்மார்க்கும் நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். இன்று எங்கெங்கோ சிறைப்பட்டிருப்போரைப் பத்திரமாய் வீடு சேர்த்தருளும். கைதிகளின் ஆதரவான தேவதாயே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.